நன்றிக்கும் எட்டு வரி இடம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அன்றாடம் இரவில் படுக்கப் போகுமுன் நன்றிக்குரிய பத்துச் செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதி வந்தால் மனம் மகிழ்ச்சி அடையும் என்று வலியுறுத்தும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். அரசுப் பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கோத்தகிரிக்கு அருகே ஓர் ஊரில் சிறிதளவு தேயிலையைப் பராமரித்துக்கொண்டு வாழும் எனக்கு அக்கட்டுரையின் நோக்கத்தில் எந்த மாறுபாடும் இல்லை. ஆயினும், நன்றியுணர்வை ஒரு சத்து மாத்திரையைப் போல யாருக்கும் தெரியாமல் தனியே விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அது வாசகர்களிடம் உண்டாக்கிவிடுமோ என்ற ஐயம் எழுந்தது. நன்றி என்பது உதவி செய்தவரின் காதில் விழ வேண்டிய ஒன்று. அதைப் பற்றிச் சிறிது எழுதவும், அதன் தொடர்பாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கவும் விரும்புகிறேன்.

இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது, அமெரிக்க உளவியலாளர்களான ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வாகும். அவர்கள் கல்லூரி மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, வாரம் ஒருமுறை என்ற கணக்கில் பத்து வாரங்களுக்கு, ஒரு குழுவினரை நன்றிக்குரியவற்றையும், இன்னொரு குழுவினரைத் தொல்லை தந்தவற்றையும், மூன்றாம் குழுவினரைப் பொதுவாக நடந்தவற்றையும் எழுதச் செய்தனர். நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் தங்கள் வாழ்க்கையை நிறைவானதாக உணர்ந்தனர். வரும் வாரத்தை நம்பிக்கையோடு எதிர்நோக்கினர். உடற்பயிற்சியிலும் கூடுதல் நேரம் செலவிட்டனர். இங்கே கவனிக்க வேண்டியது, அவர்களை எழுதச் சொன்னது வாரம் ஒருமுறை, அதுவும் ஐந்து செய்திகள் வரை மட்டுமே என்பதாகும். கலிபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோன்யா லியுபோமிர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் பின்னர் ஆறு வாரங்கள் நடத்திய ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களின் மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை எழுதியவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. எம்மன்ஸின் ஆய்வுத் தொடரிலேயே இரண்டு வாரங்கள் நாள்தோறும் எழுதியவர்களும் ஓரளவு பயனடைந்தனர் என்பதால், அன்றாடம் எழுதுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளுக்குப் பத்து என்று மாதக்கணக்கில் எழுதச் சொன்னால் அது வீட்டுப்பாடமாகிவிடும் என்பதையும், வீட்டுப்பாடத்தை மனிதர்கள் எப்படி எழுதுவார்கள் என்பதையும், காலமெல்லாம் வீட்டுப்பாடம் திருத்தியவன் என்ற தகுதியில் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

எழுதி எழுதிச் சலித்துப்போவதற்கும், எழுத வேண்டிய தேவை எழுவதற்கும் காரணம் ஒன்றுதான்: பழகிய நலம் கண்ணில் படுவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பேருந்தில், குஞ்சப்பனையைத் தாண்டி முதல் குளிர்க்காற்று வீசியதும், சமவெளியிலிருந்து முதன்முறையாக வருபவர் சன்னலை விட்டுத் தலையை எடுப்பதில்லை. அதே பேருந்தில் நாமோ கண்ணாடியை இழுத்து மூடி, காதை மறைத்து மப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஊர் வரும்வரை உறங்குகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைப் பார்க்க மலை மலையாகக் கூட்டம் போகிறது. ஆண்டு முழுவதும் மழைநீரைப் பிடித்து வைத்திருந்து நம் ஓடைகளுக்கும், அவற்றின் வழியே பவானிக்கும், அங்கிருந்து ஈரோட்டு வயல்களுக்கும் விடுகின்ற சோலைக்காட்டையும் புல்வெளியையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வசதி கூடக் கூட எதிர்பார்ப்பும் கூடி, மகிழ்ச்சி நின்ற இடத்திலேயே நிற்கும் என்பதை உளவியலாளர்கள் பிரிக்மனும் கேம்பலும் 1971இலேயே எழுதியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், குறைக்கு மட்டும் நாம் எளிதில் பழகுவதில்லை. சாலையில் உள்ள பள்ளம் ஒவ்வொரு நாளும் புதிதாகவே வலிக்கிறது. அந்தச் சாலை மழைக்காலத்தில் யாரால் திறந்திருக்கிறது என்பது ஒரு நாளும் நினைவுக்கு வருவதில்லை.

ஆகவே, எத்தனை எழுதுகிறோம் என்பதைவிட எதை எழுதுகிறோம் என்பதே முக்கியம். "நல்ல காற்று, நல்ல தண்ணீர், நல்ல குடும்பம்" என்று எழுதினால் மூன்றாவது வாரமே அதில் ஒன்றும் இருக்காது. மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அன்று நடந்த மூன்று நல்லவற்றை ஒரு வார காலம் ஒவ்வோர் இரவும் எழுதச் சொன்னார்கள். அத்துடன், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுதச் சொன்னார்கள். இதன் பயன் ஆறு மாதங்கள் வரை நீடித்ததாக அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த "ஏன்" என்ற கேள்விதான் என் கருத்தில் இப்பயிற்சியின் உயிர்நாடி. ஏனெனில் அக்கேள்வி பெரும்பாலும் ஒரு மனிதரிடம் கொண்டுபோய் நிறுத்தும்.

தென்மேற்குப் பருவக்காற்றில் கற்பூர மரம் சாய்ந்து கம்பி அறுந்த இரவில், விடியுமுன் மின்சாரம் வந்துவிட்டது என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏன் வந்தது? ஈரச் சரிவில் டார்ச் வெளிச்சத்தில் இறங்கி, கிளைகளை வெட்டி அகற்றி, கம்பத்தில் ஏறிய லைன்மேன்களால் வந்தது. அவர்களில் ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் இருந்திருக்கலாம். காலையில் சந்தையில் கேரட் மண் நீங்கிப் பளபளவென்று இருந்தது என்றால், பனி இறங்கும் நேரத்தில் வயலில் குனிந்து அதைப் பிடுங்கியவர்கள் இருக்கிறார்கள். மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் ஓடத் தொடங்கி, 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அந்த 46 கிலோமீட்டர் பாதையின் 16 சுரங்கங்களையும் பாலங்களையும் படம் எடுக்காத பயணியே இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கு மேலே, பல்சக்கரத் தண்டவாளத்தின் மீது பாறையும் சேறும் சரிந்து, நாள்கணக்கில் சேவை நிறுத்தப்படும்போது, கடப்பாரையோடு நடந்தே போய் அவற்றை அகற்றித் தருகின்ற இருப்புப்பாதைத் தொழிலாளர்கள் எந்தப் படத்திலும் இடம்பெற்று நான் பார்த்ததில்லை.

பெயரில்லாத பொது நன்றியின் வலுவின்மையை நாம் ஒருமுறை கண்கூடாகவே பார்த்திருக்கிறோம். 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாடே வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டியது. எங்கள் ஊரிலும் தட்டுகளின் ஓசை கேட்டது. ஒரு மாதம் முடிவதற்குள், கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்குதல் நடத்தியது. கைதட்டியவர்கள் எல்லாரும் பொய்யாகத் தட்டினார்கள் என்று நான் கருதவில்லை. எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லப்படும் நன்றிக்கு முகம் இல்லாததால், அச்சம் வந்தவுடன் அது நம்மை விட்டுப் போய்விடுகிறது.

முகம் உள்ள நன்றிக்கு மேற்சொன்ன 2005ஆம் ஆண்டு ஆய்விலேயே ஒரு வடிவம் இருக்கிறது. நமக்கு நன்மை செய்தும் நம்மால் முறையாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது அல்லது படித்துக் காட்டுவது என்பதே அது. அந்த ஆய்வில் முயன்று பார்க்கப்பட்ட பயிற்சிகளுள், செய்து முடித்த உடனேயே மகிழ்ச்சியை மிகுதியாக உயர்த்தியது இதுதான். ஆனால் மூன்று மாதங்களில் அந்த உயர்வு மறைந்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படியானால் ஒருவரோடு நிறுத்தாமல் அடுத்தவரைத் தேட வேண்டும் என்று நான் புரிந்துகொண்டேன். 2018இல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகிய இருவரும் நடத்திய ஆய்வுகள், நாம் ஏன் இதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதைக் காட்டுகின்றன: எழுதுபவர்கள், பெறுபவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று மிகையாக அஞ்சுகிறார்கள், அவர் எவ்வளவு வியந்து மகிழ்வார் என்பதையோ குறைத்தே மதிப்பிடுகிறார்கள். சொற்கள் சரியாக அமையுமா என்று எழுதுபவர் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, பெறுபவர் அதிலுள்ள அன்பை மட்டுமே பார்க்கிறார்.

எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. எங்கள் ஊருக்குச் சரியான சாலை இல்லாத காலத்தில், என் மனைவியின் முதல் பிரசவத்தின்போது, கிராம சுகாதார செவிலியர் ஒருவர் மழையில் தேயிலைக்குள் நடந்தே வந்து, இரவெல்லாம் உடனிருந்து, விடியற்காலையில் ஒரு ஜீப்பை வரவழைத்துத் தாயையும் சேயையும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இதை எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினர் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறோம். அவரிடம் மட்டும் சொன்னதில்லை. இப்போது முதுமையில் இருக்கும் அவரைத் தேடிப்போய், ஒரு பக்க அளவில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். அவர் கண்கலங்குவார் என்று எதிர்பார்த்துப் போன எனக்குக் கிடைத்தது வேறு. "எல்லாம் சரி தம்பி, அந்த ஜீப்காரரைப் போய்ப் பார்த்தீங்களா? அந்தச் சேத்துல அவர் வண்டியை இறக்கலேன்னா நான் என்ன பண்ணியிருக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு, தேநீர் போடுவதற்காக எழுந்து உள்ளே போனார். ஜீப் ஓட்டியவர் காலமாகிவிட்டார். கட்டபெட்டில் பட்டறை வைத்திருக்கும் அவருடைய மகனிடம் போய்ச் சொன்னேன். தன் தந்தையைப் பற்றி அவருக்கே தெரியாத செய்தி அது. அவர் அதை ஒருமுறைக்கு இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வீட்டுக்குள் இதைச் செய்வது இதைவிடக் கடினம். தாயிடமோ மனைவியிடமோ திடீரென நன்றி கூறினால், உடம்புக்கு ஏதேனும் சரியில்லையா என்றுதான் நம் வீடுகளில் கேட்பார்கள். அதற்காக மேடைப் பேச்சு வேண்டியதில்லை. காலை நாலு மணிக்கு உறைபனியில் எழுந்து வெந்நீர் வைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னாலே போதும். பார்த்தேன் என்பதைத்தான் அவர்கள் கேட்க விரும்புகிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை வலியுறுத்த வேண்டும். நன்றி மேலிருந்து கீழே பாய வேண்டியது. கீழே இருப்பவரிடம் கேட்டு வாங்கப்படுவது அன்று. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்கும் சிறு விவசாயியையும், அட்டைக்கடியோடு மழையில் நின்று கொழுந்து பறித்துவிட்டுக் கூலி உயர்வு கேட்கும் பெண்ணையும் பார்த்து, இருப்பதற்கு நன்றியோடு இருங்கள் என்று அறிவுரை கூறுபவருக்கு இந்த ஆய்வுகள் எதுவும் துணை வராது. குறையைக் கேட்பவர் நன்றி கெட்டவர் அல்லர். லைன்மேனுக்கு நன்றி சொல்பவர், அவருக்குப் பாதுகாப்புக் கையுறையும் பணி நிரந்தரமும் கேட்டும் குரல் கொடுத்தால்தான் அந்த நன்றிக்கு மதிப்பு உண்டு.

அதுபோலவே, மனச்சோர்வு என்னும் நோயில் விழுந்தவரிடம் நன்றிக் குறிப்பேட்டை நீட்டுவது முறையன்று. அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் 27 ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இப்பயிற்சிகளின் பங்கு சிறிதளவே என்று 2020இல் எழுதினர். அத்தகையோர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தங்கள் கட்டுரையில் இந்த எண் இடம்பெற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நன்றி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 2021 டிசம்பர் 8ஆம் நாள் குன்னூர் காட்டேரிக்கு அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் பயணம் செய்த ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தபோது, முதலில் ஓடிப்போனவர்கள் நஞ்சப்பசத்திரத்தில் வசிக்கும் தொழிலாளர் குடும்பத்தினர். தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். தாங்கள் போர்த்தும் கம்பளிகளையே கொடுத்து, காயமுற்றோரைத் தூக்கிச் செல்ல உதவினார்கள். யாரையும் காப்பாற்ற முடியாமற்போனது. ஆயினும் சில நாள்களிலேயே ராணுவத்தின் உயர் அதிகாரி நேரில் வந்து அந்த மக்களுக்கு நன்றி கூறினார். கம்பளிகளும் உணவுப் பொருள்களும் வழங்கப்பட்டன. ஓராண்டுக்கு அந்த ஊரைத் தத்தெடுத்து, மாதந்தோறும் மருத்துவர்களை அனுப்புவதாக ராணுவம் அறிவித்தது. முயற்சி பலிக்கவில்லை என்று கணக்குப் பார்க்காமல், செய்தவர்களின் வாசலுக்கே வந்து, அவர்கள் இன்ன செயலைச் செய்தார்கள் என்று எடுத்துச் சொல்லி, அவர்களுக்குத் தேவையானதைக் கொடுத்துச் சொல்லப்பட்டது அந்த நன்றி. படகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளில், புதுத் தானியத்தை முதலில் தெய்வத்துக்குப் படைக்கும் தெவ்வ ஹப்பா திருவிழாவை இன்றும் கொண்டாடுகிறோம். சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் பெரும்பாலும் தேயிலை வந்துவிட்ட பின்னரும் அதை விடவில்லை. தெய்வத்துக்கு முறை தவறாமல் செலுத்தும் நாம், மனிதர்களுக்குச் செலுத்த ஒரு வழி ஏற்படுத்திக்கொண்டால் என்ன?

எனவேதான் இந்த வேண்டுகோள். தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் குடிநீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, ஊருக்குள் கரடி நடமாடுகிறது என்ற புகார்கள் வருகின்றன. அவை வர வேண்டியவை. அவற்றில் ஒரு வரியைக்கூடக் குறைக்க வேண்டாம். ஆனால் வாரம் ஒருமுறை, எட்டு வரி அளவில், ஒரு வாசகர் தமக்கு உதவிய ஒருவருக்கு நன்றி கூறும் சிறு பகுதியைச் சேர்த்துக்கொள்ள முடியுமா? இடத்துக்கு விளம்பரப் பிரிவினரிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்படித் தொடங்கினால், சில கட்டுப்பாடுகள் வேண்டும் என்பது என் எண்ணம். பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளுக்கும், மாறுதலாகிப் போகும் அதிகாரிகளுக்கும் அங்கே இடம் கூடாது. அவர்களுக்குச் சுவரொட்டிகள் இருக்கின்றன. "சிறந்த சேவை" என்பது போன்ற பொதுச் சொற்களை நீக்கிவிட்டு, இன்ன ஊரில், இன்ன நேரத்தில், இன்னது செய்தார் என்று மட்டும் வெளியிட வேண்டும். பெயர் வருவதற்கு முன் உரியவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். விதியைச் சற்றே வளைத்து உதவி செய்த நடத்துநருக்கு நம் நன்றியே வினையாக முடிந்துவிடக் கூடாது. எழுதுபவர், அச்சில் வருமுன் நேரில் சென்று சொல்லிவிட்டாரா என்று கேட்டுக்கொள்வதும் நல்லது.

முதல் வாரத்துக்கு உதவட்டும் என்று, கடந்த மழைக்காலத்தில் மண் சரிந்த எங்கள் ஊர்ச் சாலையை, இரவு பகலாகப் பொக்லைன் இயந்திரத்தோடு நின்று, பள்ளிப் பேருந்து வருவதற்குள் திறந்துவிட்ட சாலைப் பணியாளர்களைப் பற்றித் தனித்தாளில் எட்டு வரி எழுதி இணைத்திருக்கிறேன். அவர்களிடம் நேரில் சொல்லி, ஒப்புதலும் வாங்கிவிட்டேன். இரண்டையும் வெளியிட இடம் போதாது என்றால், இந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அந்த எட்டு வரிகளை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.